பாதியில் விட்ட மேஜிக்காரர் மென்டலிசத்துக்குத் திரும்புவது எப்படி: கையில் கிடைக்கும் புத்தகத்திலிருந்து ஒரு தொடக்கம்

பத்து வயதில் ஆரம்பித்து இருபத்தாறு வயதுவரை சீட்டுக்கட்டும் கையுமாகத் திரிந்தவன் நான். அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை என்று ஒவ்வொன்றாக வந்ததில் பெட்டியைப் பரணில் ஏற்றியவன், பதினெட்டு வருடம் கழித்துத்தான் இறக்கினேன். இரண்டு சீட்டை ஒன்றுபோல எடுக்கும் டபுள் லிஃப்ட் போட்டால் மூன்று சீட்டு வந்தது. உள்ளங்கையில் ஒளித்த நாணயம் நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது. சரி, கைவேகம் வேண்டாத, மனத்திலிருப்பதைப் படிப்பதுபோலக் காட்டும் மென்டலிசம் பக்கம் போய்விடலாம், அது சுலபம் என்று நினைத்தேன். அந்தச் 'சுலபம்' எனக்கு ஒன்றரை வருடத்தைத் தின்றது. வாங்கிக் குவித்ததில் பாதி இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

நீங்களும் என்னைப்போல் பாதியில் விட்டவர் என்றால் இது உங்களுக்குத்தான். மேஜிக்கே புதிது என்றாலும் படிக்கலாம், இரண்டு சொல் தெரிந்தால் போதும்: அவராகவே தேர்ந்தெடுத்ததாக நினைக்கவைத்து நமக்கு வேண்டியதை எடுக்கவைப்பது ஃபோர்ஸ், யாருக்கும் தெரியாமல் ஒரு நொடி பார்த்துக்கொள்வது பீக். கீழே இருப்பதெல்லாம் யாராவது 'ஏதாவது செய்து காட்டேன்' என்று கேட்கும்போது அங்கேயே கிடக்கிற புத்தகத்தையும் காகிதத்தையும் வைத்துச் செய்யக்கூடியவை. மேடை, மைக், கூட்டாளி எதுவும் தேவையில்லை.

1. முதல் இரண்டு வாரம் எதையும் கற்காதீர்கள்

உங்கள் விரல் துருப்பிடித்திருப்பது பெரிய பிரச்சினையே இல்லை. துருப்பிடிக்காமல் அப்படியே இருக்கும் பழைய பழக்கங்கள்தான் பிரச்சினை.

முதலாவது, நிரூபிக்கும் பழக்கம். 'புத்தகத்தை நன்றாகச் சோதித்துக்கொள்ளுங்கள், சாதாரணப் புத்தகம்தான்' என்று என் வாய் தானாகச் சொல்லும். அது அவர்களுடைய புத்தகம், அவர்கள் அலமாரியிலிருந்து எடுத்தது! சாதாரணமில்லை என்று யார் சொன்னார்கள்? நாம் சொன்ன பிறகுதான் அவர்களுக்குச் சந்தேகமே வருகிறது. இரண்டாவது, வேகம். சீட்டு வித்தையில் 'இதுதானே உங்கள் சீட்டு' என்று டக்கென்று திருப்பிக் காட்டிப் பழகியவர்கள் நாம். மனத்திலிருப்பதைச் சொல்லும்போது அதே வேகத்தில் சொன்னால், எங்கேயோ பார்த்துவிட்டான் என்றுதான் எவரும் நினைப்பார். மூன்றாவது, கை அலங்காரம். புத்தகத்தை விசிறிபோல விரிப்பது, பேனாவை விரலிடுக்கில் சுழற்றுவது எல்லாவற்றையும் விடுங்கள். திறமையான விரல் என்று தெரிந்த நிமிடமே மனத்தைப் படிக்கிறான் என்ற எண்ணம் போய்விடும்.

இந்த இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு பயிற்சி. வீட்டில் யாரிடமாவது ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள், ரகசியமே வேண்டாம், உங்கள் காதுபடவே சொல்லட்டும். பிறகு அந்தச் சொல் தெரியாததுபோல நடித்து, இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அதை அடையுங்கள். செல்போனில் பதிவு செய்து பாருங்கள். என் முதல் பதிவில் நான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு தலைவலிக்காரனைப்போல உட்கார்ந்திருந்தேன். தினம் ஒரு சொல், பதினான்கு நாள். சலிப்பாக இருக்கும், ஆனால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

2. கண்ணாடிக் கணக்கு

இதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை, அதனால் தனித் தலைப்பே கொடுக்கிறேன். பல வருடம் கழித்துத் திரும்புகிற நம்மில் பலருக்கு நாற்பது தாண்டியிருக்கும். நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் தளர்வது எல்லோருக்கும் நடப்பதுதான். ஒருவர் புத்தகத்தில் பார்த்து நினைத்த சொல்லைச் சொல்லிக்காட்டும் புத்தகச் சோதனையில் முக்கால்வாசி வேலை ஒரு நொடியில் சின்ன எழுத்தைப் படிப்பது. நான் முதல்முறை வெளியாள் முன்னால் செய்தபோது பீக் அற்புதமாக அமைந்தது, பக்கம் என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது, ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. சாம்பல் நிறக் கோடுகள் மட்டும்தான்.

ஆகவே உட்கார்ந்து அளந்து பாருங்கள். கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தூரத்தில் எந்த அளவு எழுத்து தெரிகிறது? மங்கிய விளக்கில்? படிக்கும் கண்ணாடி தேவையென்றால் ஆரம்பத்திலிருந்தே அதைப் போட்டுக்கொண்டு பேசுங்கள். பார்க்க வேண்டிய நேரத்தில் பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினால் கதை முடிந்தது. கண்ணாடி சரியாக இல்லையென்றால் கீழே சொல்லும் முறைகளில் முன்கூட்டியே நினைவில் வைத்துக்கொள்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் எட்டிப்பார்ப்பவற்றைத் தள்ளிவையுங்கள்.

3. செலவு: எதற்கு, எப்போது

மூன்று மாதத்துக்கு வாங்க வேண்டியவை: ஒரு கோடு போட்ட நோட்டு, கொஞ்சம் வெற்று விசிட்டிங் கார்டு அளவு அட்டை, ஒரு பேனா, பாடம் படிக்க ஒரே ஒரு புத்தகம். கொரிண்டாவின் 'தர்ட்டீன் ஸ்டெப்ஸ் டு மென்டலிசம்' போதும். பதின்மூன்று பகுதிகளில் ஏழாவது புத்தகச் சோதனைக்கு, ஆறாவது மடித்த துண்டுச்சீட்டுகளுக்கு, நான்காவது முன்கணிப்புக்கு. முதல் பகுதி கட்டைவிரல் நகத்தில் ஒட்டிக்கொண்டு ரகசியமாக எழுதும் சின்னக் கருவியைப் பற்றியது. அதிலிருந்து ஆரம்பித்து அங்கேயே நின்றுபோனவர்கள் நிறையப் பேர், நானும்தான். வரிசையாகப் படிக்காதீர்கள். ஏழுக்கு நேராகப் போங்கள், பிறகு ஆறு, பிறகு நான்கு.

வாங்கக் கூடாதது: புத்தகச் சோதனைக்கென்றே அச்சிட்டு விற்கும் விசேஷப் புத்தகங்கள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சொல் நமக்குத் தெரியும்படி உள்ளே ஏற்பாடு செய்திருப்பார்கள். வித்தை என்ற அளவில் பிரமாதம்தான். ஆனால் விலை சாதாரணப் புத்தகத்தைப்போலப் பல மடங்கு, நான் பார்த்தவரை எல்லாம் ஆங்கிலம். தமிழில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் ஒருவர் கையில் திடீரென்று ஒரு ஆங்கில நாவலைக் கொடுத்து 'ஏதாவது ஒரு சொல்லை நினையுங்கள்' என்றால், அவர் சொல்லை நினைப்பதற்கு முன் அதற்கு அர்த்தம் என்ன என்று நினைப்பார். நான் இரண்டு வாங்கினேன். ஒன்று ஜன்னல் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுகிறது.

4. முதல் சோதனை: இரண்டு புத்தகம்

டேவிட் ஹோய் என்பவரின் பெயரால் ஹோய் டெஸ்ட் என்று சொல்வார்கள். இதைவிட எளிதானதும் இதைவிடத் துணிச்சல் தேவைப்படுவதும் எனக்குத் தெரிந்து இல்லை.

பார்ப்பவருக்குத் தெரிவது: இரண்டு புத்தகம். ஒன்று அவர் கையில், ஒன்று என் கையில். நான் என் புத்தகத்தின் தாள்களைக் கட்டைவிரலால் சரசரவென்று விடுகிறேன், அவர் 'நிறுத்து' என்கிறார், அங்கே திறந்து பக்க எண்ணைச் சொல்கிறேன். அவர் தன் புத்தகத்தில் அதே பக்கத்துக்குப் போய் முதல் வரியில் ஒரு சொல்லை நினைக்கிறார். நான் சொல்கிறேன்.

நடப்பது: அவருக்குக் கொடுத்த புத்தகத்தின் 87ஆம் பக்க முதல் வரி எனக்கு முன்பே தெரியும். என் புத்தகத்தில் அவர் எங்கே நிறுத்தினாலும் 'எண்பத்தேழு' என்றுதான் சொல்கிறேன். அவ்வளவுதான், ஒரு பொய்.

அந்தப் பொய்யைச் சொல்லத்தான் எனக்கு மூன்று வாரம் பிடித்தது. தடுக்கிவிழும் இடங்கள் இவை:

நிறுத்திய இடத்துக்கும் எண்ணுக்கும் பொருத்தம் வேண்டும். புத்தகத்தின் கடைசியில் நிறுத்தியிருக்கிறார், நீங்கள் 87 என்றால் ஒரு குழந்தைகூடச் சிரிக்கும். அதனால் மூன்று பக்கம் நினைவில் வையுங்கள், முன்பகுதியில் ஒன்று, நடுவில் ஒன்று, பின்பகுதியில் ஒன்று. எது அருகிலோ அதைச் சொல்லுங்கள். தாளை விடும் வேகத்தை மாற்றியும் ஓரளவு வேண்டிய இடத்தில் நிறுத்தவைக்கலாம்: பொருந்தாத பகுதியில் வேகமாக, பொருந்தும் பகுதியில் மெதுவாக.

பொதுவாக அச்சுப் புத்தகத்தில் ஒற்றைப்படை எண் வலப்பக்கம், இரட்டைப்படை இடப்பக்கம். 87 என்று சொல்கிறீர்கள், கண் இடப்பக்கம் போகிறது என்றால் புத்தகம் படித்துப் பழகியவர் ஒருவராவது கவனிப்பார். எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார்.

அவர் புத்தகத்தில் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அத்தியாயம் தொடங்கும் பக்கங்களில் பல நேரம் எண்ணே அச்சாகியிருக்காது. படம் மட்டும் உள்ள பக்கமும் உண்டு. நீங்கள் நினைவில் வைக்கும் பக்கத்தில் எண் அச்சாகியிருக்க வேண்டும், முழுப் பத்தி இருக்க வேண்டும்.

எண்ணைச் சொன்னதும் உங்கள் புத்தகத்தை மூடுங்கள், ஆனால் டப்பென்று மூடாதீர்கள். ஒரு விரலை உள்ளே விட்டபடி கையைத் தளர்த்தி, அவர் பக்கம் தேடிக்கொண்டிருக்கும்போது விரலை எடுத்து மடியில் வைத்துவிடுங்கள்.

எப்போது பார்த்து வைப்பது? புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போதுதான். 'இது வேண்டாம், படம்தான் நிறைய... இது பரவாயில்லை' என்று முணுமுணுத்தபடி புரட்டுங்கள். அப்போது வித்தை ஆரம்பிக்கவே இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அரை நிமிடம் கிடைக்கும். முதலில் ஒரு பக்கம்தான் மனத்தில் நிற்கும், ஒரு மாதத்தில் மூன்று நிற்கும். சொல்லோடு சேர்த்து அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதையும் ஒரு வரியாக வாங்கிக்கொள்ளுங்கள்: யாரோ ரயிலுக்குக் காத்திருக்கிறார், மழை பெய்கிறது, அந்த அளவு. ஏன் என்று ஏழாம் படியில் சொல்கிறேன்.

பத்து வெவ்வேறு ஆட்களிடம் இதைச் செய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரே ஆளிடம் பத்து முறை செய்தால் கணக்கில் வராது.

5. ஒரே புத்தகம்தான் இருக்கிறது என்றால்

அட்டை முறை. ஒரே மாதிரி இரண்டு அட்டை வேண்டும். நினைவில் வைத்த பக்கத்தில் ஒன்றை முன்பே செருகி, புத்தகத்தின் மேல்முனைப் பக்கம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தால் அந்த நீட்டம் உங்கள் உள்ளங்கைக்குள் மறைந்திருக்கும். அவரிடம் இரண்டாவது அட்டையைக் கொடுத்து எங்கே வேண்டுமானாலும் பாதி வெளியே தெரியும்படி செருகச் சொல்லுங்கள். இனி புத்தகத்தை நேராகத் திருப்ப வேண்டும், படிக்க வேண்டுமல்லவா, அது இயல்பான காரணம். திருப்பும்போது அவருடைய அட்டையை உள்ளங்கையால் உள்ளே தள்ளிவிடுகிறீர்கள். இப்போது வெளியே நீட்டிக்கொண்டிருப்பது உங்களுடையது. அவர் தன்னுடையது என்று நினைத்து அங்கே திறக்கிறார்.

திருப்புவதற்கும் திறப்பதற்கும் நடுவில் கொஞ்சம் பேச்சு வேண்டும். 'சில பேர் முதல் பத்துப் பக்கத்துக்குள் செருகுவார்கள், நீங்கள் அப்படிச் செய்யவில்லை' என்று ஏதாவது. செருகியதும் உடனே திறந்தால் இடம் மாறியது கண்ணில் படும். அவர் செருகிய இடமும் உங்கள் பக்கமும் அரை அங்குலத்துக்குள் இருந்தால் நல்லது.

பெரிய கண்ணி எங்கே என்றால், உள்ளே தள்ளிய அட்டை இன்னும் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. அக்கா மகளிடம் இதைச் செய்து, சொல்லைச் சரியாகச் சொல்லி, எல்லோரும் கைதட்டிய பிறகு அவள் அந்தப் புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைக்கப் போனாள். இரண்டடி நடந்திருப்பாள். 'மாமா, இதிலிருந்து இன்னொரு கார்டு விழுது' என்றாள். கைதட்டியவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து, சொல்லைச் சொல்வதற்கு முன்பே 'நினைத்துவிட்டீர்களா? கொடுங்கள்' என்று புத்தகத்தை வாங்கி மூடி, முதுகுப் பக்கம் சாய்த்துப் பிடித்து அட்டையை விரலால் இழுத்து மடிக்கு விட்டுவிடுகிறேன். அவர் கண் அப்போது என் முகத்தில் இருக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் ஒரு கேள்வி கேட்பேன்.

6. தமிழ்ப் புத்தகத்தில் சொல் தேர்வு

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களை அப்படியே எடுத்தால் இங்கேதான் அடிவாங்குவோம். தமிழில் வரி முடியும் இடத்தில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவார்கள், பல புத்தகங்களில் இணைப்புக் கோடும் இருக்காது. பக்கத்தின் முதல் 'சொல்' என்று பார்த்தால் 'ருந்தான்' என்று ஒரு வால் மட்டும் இருக்கும். முன் பக்கத்தில் 'வந்தி' மாட்டிக்கொண்டிருக்கும். அவர் 'ருந்தான்' என்பதை நினைப்பாரா, முழுச் சொல்லைத் தேடிப் பின்னால் புரட்டுவாரா, 'இது சொல்லே இல்லையே' என்று உங்களைப் பார்ப்பாரா? மூன்றும் எனக்கு நடந்திருக்கிறது.

அதனால் 'முதல் சொல்' என்று கேட்பதையே விட்டுவிட்டேன். 'முதல் இரண்டு வரியைப் படியுங்கள், அதில் கண்ணை மூடினால் படமாகத் தெரிகிற ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறேன். முதல் இரண்டு வரியில் ஒரே ஒரு பொருள் மட்டும் இருக்கும் பக்கமாகத் தேடி வைத்துக்கொண்டால் வேறு எதை எடுக்கப் போகிறார்? படகு, கடிகாரம், குதிரை, சாவி போன்றவை வரும் பக்கங்கள் தங்கம். 'சூழ்நிலை', 'நம்பிக்கை', 'அதனால்' எல்லாம் வேண்டாம்.

வேற்றுமை உருபு இன்னொரு தொல்லை. அச்சில் 'படகிலிருந்து' என்று இருக்கும், நீங்கள் 'படகு' என்பீர்கள், கறாரான ஒருவர் 'இல்லை, படகிலிருந்து' என்பார். பொருளை நினைக்கச் சொல்லிவிட்டால் இது வராது.

'எத்தனை எழுத்து?' என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். 'தொட்டில்' எத்தனை எழுத்து? இலக்கணப்படி நான்கு: தொ, ட், டி, ல். ஆனால் புள்ளி வைத்ததைச் சிலர் எண்ணமாட்டார்கள், கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணுபவர்களும் இருக்கிறார்கள். அவர் தப்பாக எண்ணிவிட்டு நீங்கள் தப்பாகச் சொன்னதாக நினைப்பார். அதேபோல எழுத்தைப் பிடிப்பதாக நடிக்கும்போது 'ழ... ண...' என்று முதலெழுத்தாக அளக்காதீர்கள். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ரயில், லாரி மாதிரி வந்த சொற்களில் வருமே தவிர, 'ழ'வில் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பதற்றத்தில் மறந்துபோகும்.

7. சொல்லைச் சொல்லும் விதம்

சொல் 'படகு' என்று வைத்துக்கொள்வோம். என் முறை கிட்டத்தட்ட இப்படிப் போகும்:

'பொருளை மட்டும் பாருங்கள், எழுத்தை விடுங்கள்... பெரியது. வீட்டுக்குள் வைக்க முடியாது. (நிறுத்தம்.) நகர்கிறது, ஆனால் சக்கரம் வரமாட்டேன் என்கிறது... ஈரமாக இருக்கிறதா என்ன? ஒரு நிமிடம்.' அதன் பிறகு நோட்டை எடுத்து, அவருக்குத் தெரியாமல் வளைவாக ஒரு கோடு, அதன் கீழே அலைபோல ஒரு கோடு வரைகிறேன். 'இனி வாய்விட்டுச் சொல்லுங்கள்.' அவர் சொல்கிறார். நோட்டைத் திருப்புகிறேன்.

கவனியுங்கள், நான் 'படகு' என்று சொல்லவே இல்லை. அவர்தான் சொன்னார். ஓவியம் பாதியாக இருப்பதால் அவரே மீதியை முடித்துக்கொள்கிறார், அடுத்த நாள் யாரிடமாவது சொல்லும்போது 'அப்படியே படகை வரைந்துவிட்டான்' என்பார். நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்வதைவிடத் தொண்ணூறு சரியாகச் சொல்வது நம்பும்படி இருக்கும் என்பது என் அனுபவம். ஒரு சின்னப் பிழையை வேண்டுமென்றே விடுங்கள், நிறமோ அளவோ. அப்புறம் நான்காம் படியில் சொன்ன ஒரு வரி இருக்கிறதே, மழை, ரயில்: அதைக் கடைசியில், எல்லாம் முடிந்தபோது, 'அங்கே மழை பெய்ததா?' என்று போகிறபோக்கில் கேளுங்கள். அவர் மறுபடி புத்தகத்தைத் திறப்பார். என்னைக் கேட்டால் சொல்லைவிட இதுதான் பலமாக இறங்கும்.

8. 1089: தெரிந்துகொள்ளுங்கள், நம்பியிருக்காதீர்கள்

மூன்று இலக்க எண், திருப்பிப் போட்டுச் சிறியதைப் பெரியதிலிருந்து கழிப்பது, விடையைத் திருப்பிப் போட்டுக் கூட்டுவது. 732 எடுத்தால் 732இலிருந்து 237 போக 495; 495உடன் 594 கூட்டினால் 1089. அநேகமாக எந்த எண்ணை எடுத்தாலும் இதே விடை என்பதால் 108ஆம் பக்கம், 9ஆம் சொல் என்று போகலாம். கண்ணி: முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் ஒன்றாக இருந்தால் பூஜ்யம் வரும். ஒன்றுதான் வித்தியாசம் என்றால் 99 வரும், அதை 099 என்று எழுதித் திருப்பினால்தான் 990 கிடைத்து 1089 ஆகும், செல்போன் கால்குலேட்டரில் செய்பவர் 99ஐயும் 99ஐயும் கூட்டி 198 என்பார். 'முதலும் கடைசியும் நன்றாகத் தள்ளியிருக்கட்டும்' என்று சொல்லிவிடுங்கள். எனக்கு இது பிடிக்கவில்லை, கணக்கு வாடை அடிக்கிறது, கூட்டத்தில் ஒரு பள்ளி மாணவர் இருந்தால் அவருக்கு இது தெரிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

9. புத்தகமே இல்லாத இடத்தில்

எண்: 'ஒரு எண்ணை நினையுங்கள், 10க்கும் 50க்கும் நடுவில், இரண்டு இலக்கமும் ஒற்றைப்படையாக, இரண்டும் வேறுவேறாக, உதாரணமாக 15 மாதிரி.' ஏராளமான எண்கள் இருப்பதுபோல் கேட்கும், மொத்தமே எட்டு: 13, 15, 17, 19, 31, 35, 37, 39. பதினைந்தை நாமே சொல்லிவிட்டதால் ஏழு. பெரும்பாலும் 37, அடுத்தது 35. நோட்டில் 35 என்று எழுதி அடித்துவிட்டு, கீழே 37 எழுதுங்கள். 37 என்றால் வெற்றி, 35 என்றால் 'பாருங்கள், முதலில் அதைத்தான் எழுதினேன், நீங்கள் மனத்தை மாற்றுவதாகத் தோன்றியது.' இரண்டும் இல்லையென்றால் நோட்டைக் காட்டாமல் 'சரி, இது சூடேற்றிக்கொள்ளத்தான்' என்று நகர்ந்துவிடலாம். இதை மட்டுமே நம்பி ஒரு நிகழ்ச்சி செய்யாதீர்கள். முன்னுரையாக மட்டும்.

துண்டுச்சீட்டு: காகிதத்தின் நடுவில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் ஒரு பெயரை எழுதவைத்து, நான்காக மடித்துக் கிழிக்கும்போது நடுத்துண்டைக் கட்டைவிரலுக்கடியில் வைத்துக்கொள்ளும் சென்டர் டேர். பழைய மேஜிக்காரருக்கு இது இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும், கையில் ஒளிக்கத் தெரியுமே. கிழிப்பது சுலபம், எதற்காக எழுதச் சொன்னாய், எழுதியதை எதற்காகக் கிழித்தாய் என்பதற்குப் பதில் வைத்திருப்பதுதான் கஷ்டம். 'எழுதினால் மனத்தில் நன்றாகப் பதியும், இனி வேறு யாரும் பார்க்க வேண்டாம்' என்பது என் பதில். நடுவில் வட்டம் சின்னதாகப் போட்டால் நீளமான பெயர் வெளியே வழிந்துவிடும். வெங்கடசுப்பிரமணியன் என்று ஒருவர் எழுதினார், எனக்குக் கிடைத்தது 'சுப்பிர'.

10. நோட்டும் கால அட்டவணையும்

வாரம் 1, 2: சொல்லும் பயிற்சி மட்டும். வாரம் 3 முதல் 6 வரை: இரண்டு புத்தகச் சோதனை, பத்து ஆட்கள். வாரம் 7 முதல் 9 வரை: அட்டை முறை. வாரம் 10 முதல் 12 வரை: சென்டர் டேர். தினம் இருபது நிமிடம் போதும். வார இறுதியில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் இது வராது, நான் முயன்றிருக்கிறேன்.

நோட்டில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி: தேதி, யாரிடம், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், என்ன சொல், எங்கே தடுமாறினேன். யாரிடம் என்பது முக்கியம். ஒரே ஆளிடம் ஒரே வித்தையை மறுமுறை காட்டி மாட்டிக்கொள்வது பழையவர்கள் எல்லோரும் செய்வது. அடிக்கடி போகும் வீடுகளில் எந்த அலமாரியில் எந்தப் புத்தகம், அதில் எந்தப் பக்கம் என்று ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு வேலை பாதி முடிந்திருக்கும்.

11. நம்பிவிடுவார்கள், ஜாக்கிரதை

சீட்டு வித்தையை யாரும் உண்மை என்று நம்புவதில்லை. இதை நம்புவார்கள். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குணச்சித்திரத்தைத் தனித்தனியாக எழுதியதுபோலக் கொடுத்தார். தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 5க்கு 4.26. உங்கள் புத்தகச் சோதனைக்குப் பிறகு ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு 'என் பையனுக்கு வேலை கிடைக்குமா, பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்பார். கேட்டார்கள். அந்த இடத்தில் 'இது பயிற்சியால் வருகிற விளையாட்டு, எதிர்காலம் எனக்குத் தெரியாது' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எப்படிச் செய்தேன் என்று விளக்க வேண்டியதில்லை.

தப்பாகப் போகும் நாள் வரும். 'நீங்கள் சரியாகக் கவனம் வைக்கவில்லை' என்று பழியை அவர்மேல் போடாதீர்கள், கேட்கவே எரிச்சலாக இருக்கும். 'இன்றைக்கு வரவில்லை, என்ன நினைத்தீர்கள்?' என்று கேட்டுச் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். அடுத்த முறை வந்துவிட்டால், அந்தத் தோல்விதான் இதை உண்மைபோலக் காட்டும்.

புத்தகத்தை இரவல் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்கும்முன் உள்ளே அட்டை ஏதும் இல்லையே என்று ஒரு முறை உதறிப் பாருங்கள்.